கிருத்திகைக்கு மறுநாள் பொரிந்த குஞ்சுகள்

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. நோட்டை எடுப்பேன், ரெண்டு வரி எழுதுவேன், ஏதாவது சோலி வந்துவிடும். சோலி இல்லாத நாட்களிலும் எழுதவில்லை என்பதுதான் நிஜம். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துப்பிழை வரும் என்கிற கூச்சம் ஒரு பக்கம். மாலை போட்டிருந்த வீட்டுக்குள் முட்டை இருந்தது என்று என் கையாலேயே எழுதி வைக்க வேண்டுமா என்கிற பயம் இன்னொரு பக்கம். இந்தத் தை மாதத்துக்குள் எழுதி முடித்துவிடுகிறேன் என்று முருகனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்ன பிறகு தட்டிக்கழிக்க முடியாது. ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறைச் சரிவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரச் சார்ப்பு, அதற்கப்பால் ரெண்டு பட்டர் ப்ரூட் மரம், அதற்கும் கீழே பூண்டுக் காடு. சார்ப்பில்தான் என் கோழிகள். அப்போது நாலு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. முட்டையிட இடம் தேடும் பெட்டை காலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கேவிக்கொண்டே மூலை மூலையாக எட்டிப் பார்க்கும், விறகுக்கட்டின் மேல் ஏறும், இறங்கும், என் காலடியில் வந்து நின்று முகத்தைப் பார்க்கும். இட்டு முடித்ததும் கொக்கரிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். உலகத்தில் வேறு யாருமே முட்டையிட்டதில்லை என்பது மாதிரி ஒரு பெருமை. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். காரட் கழுவப் போகிற நாளில்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவேன்.

என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும் பழனிக்கு மாலை போடுவார். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு. தைப்பூசத்துக்கு வடகவுஞ்சி வழியாக நடந்தே மலை இறங்குவார். மாலை போட்ட நாளிலிருந்து வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது. மாலை போட்டவர் எல்லாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். "சாமி, கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க சாமி" என்பார். வருஷத்தில் ஒன்றரை மாதம் எனக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை. கோழி குறுக்கே வந்தால்கூட "தள்ளுங்க சாமி" என்றுதான் விரட்டுவார்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து தனியாக இருந்தார். ஒரே மகள் திண்டுக்கல்லில் குடும்பத்தோடு இருக்கிறாள். அந்த அக்கா ஐந்து வாத்து வளர்த்தார், நாலு பெட்டை, ஒரு ஆண். வத்தலக்குண்டுப் பக்கம் வயலில் வாத்து மேய்த்துக்கொண்டு வந்தவர்களிடம் வளர்ந்த வாத்துகளாகவே வாங்கி, ஜீப்பில் சாக்குக்குள் தலையை மட்டும் வெளியே விட்டுக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி ஒன்று கட்டி, ஓடைத் தண்ணீரைக் குழாயில் விட்டிருந்தார். மூலத்துக்கு நல்லது என்று வாத்து முட்டை கேட்டு ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் "வீட்ல ஒருத்தருக்கு" என்று சொல்லி வாங்குவார்கள். "ஆமாமா, எல்லாருக்கும் வீட்ல ஒருத்தருக்குத்தான்" என்று அக்கா சிரிக்காமல் சொல்லுவார்.

அந்த வாத்துகளை அக்கா எதற்காக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் மகளிடமிருந்து போன் வரும். அக்கா சத்தமாகத்தான் பேசுவார், எங்கள் வீட்டுக்கே கேட்கும்.

"நான் அங்க வந்துட்டா வாத்த யாரு பாப்பா? நீ பாப்பியா? அதுக என் கொரல் கேக்காட்டி தண்ணிய விட்டு ஏறாதுடி."

மகள் கெட்டவள் இல்லை. அம்மா குளிரில் தனியாகக் கிடக்கிறாரே என்று கூப்பிடுகிறாள். ஆனால் அக்காவுக்கு இந்த மலையை விட்டு இறங்க மனம் இல்லை. "போமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அவ அழுவா தாயி. வாத்து இருக்குன்னு சொன்னா திட்டுவா. திட்டுறது பரவால்ல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஐந்து வாத்துதான் அவர் இங்கே இருப்பதற்கு வைத்திருந்த சாக்கு.

அந்த மார்கழியில் மரநாய் வந்துவிட்டது. கூட்டின் அடியில் தோண்டி நுழைந்து ஐந்தையும் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டது. தின்றது ஒன்றுகூட இல்லை. விடிந்ததும் அக்கா கூப்பிட்ட குரலில் நான் ஓடினேன். அக்கா அழவில்லை. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"எல்லாம் போச்சு தாயி. அவளுக்கு இனிமே நான் என்ன சொல்றது?" என்றார். மகள் தைப்பூச லீவுக்கு வருகிறேன், கையோடு கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

பிறகு அக்கா உள்ளே போய் ஒரு டால்டா டப்பாவைக் கொண்டுவந்தார். உமிக்குள் ஒன்பது முட்டை. அந்த வாரம் சேர்த்தவை. "ஒங்க வீட்ல கோழி அவயத்துக்கு நிக்குதுன்னியே. இத வச்சுப் பாரேன். ஒன்னு ரெண்டு பொரிச்சாக்கூடப் போதும். வாத்து இருக்குன்னு சொல்ல ஒரு வாத்து போதாதா?"

எங்கள் சிவப்புப் பெட்டை அப்போது நாலு நாளாக முட்டையிடாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனால் உடம்பை உப்பிக்கொண்டு சீறியது. அடைக்கு வந்த கோழிக்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு வியாழக்கிழமை, கிருத்திகை வேறு. நான் கிருத்திகைக்கு ஒரு பொழுது இருப்பேன். முருகன் நட்சத்திரத்தில் வைக்கிறோம், இதைவிட நல்ல நாள் உண்டா என்று நினைத்தேன். மார்கழியில் விதையே முளைக்காது, முட்டையா பொரியும் என்று ரோட்டில் ரெண்டு பேர் சொன்னார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழைய கூடையில் மணல் கொட்டி, மேலே காய்ந்த புல் பரப்பினேன். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஒரு இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் போடுவது எங்கள் வழக்கம். மார்கழியில் ஏது இடி? இருந்தாலும் போட்டேன். ஒன்பது வாத்து முட்டையையும் அடுக்கினேன். அதோடு விட்டிருக்க வேண்டும். நான்தான் கெடுத்தேன்.

விரத வீடு என்பதால் எங்கள் கோழி இட்ட முட்டையை யாரும் சாப்பிடவில்லை, அவை சார்ப்பில் ஒரு சட்டியில் கிடந்தன. கோழி பாவம், அடுத்த வீட்டு முட்டையை மட்டும் காக்க வேண்டுமா, தன் முட்டையும் நாலு வேண்டாமா என்று எனக்கு இரக்கம் வந்துவிட்டது. நாலு கோழி முட்டையைச் சேர்த்து வைத்தேன். பதின்மூன்று, ஒற்றைப்படை, கணக்கும் சரியாக வந்தது என்று சந்தோஷம் வேறு. கோழி ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக அலகால் இழுத்து வயிற்றுக்குள் சொருகிக்கொண்டது. பெரிய முட்டை, சின்ன முட்டை என்று அது பேதம் பார்க்கவில்லை.

கோழிக் குஞ்சு மூன்று வாரத்தில் வரும். வாத்தும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தார், அவர் வளர்ந்த வாத்து வாங்கியவர், பொரித்துப் பார்த்ததில்லை. பூண்டுக்கும் காரட்டுக்கும் நாள் கணக்கு விரலில் வைத்திருக்கிற எங்களுக்கு இது தெரியவில்லை.

மூன்றாவது வியாழன் பொங்கல் முடிந்து முதல் நாள் வேலை. காரட் கழுவப் போய்விட்டேன். நாலு மணிக்குத் திரும்பினால், கோழி பட்டர் ப்ரூட் மரத்தடியில் மூன்று குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருக்கிறது. நாலாவது முட்டை உடைந்து கூடையில் கிடந்தது. ஒன்பது வாத்து முட்டையும் வைத்தது வைத்தபடி கிடந்தன. தொட்டேன். ஓடைக் கல் மாதிரி இருந்தது.

கோழியைப் பிடித்து மறுபடி கூடையில் வைத்தேன். குஞ்சுகள் கத்தின, குதித்து ஓடிவிட்டது. குஞ்சுகளை ஒரு பெட்டியில் போட்டு மூடி வைத்தேன். சத்தம் கேட்டுக் கூடையையே கவிழ்த்துவிட்டுப் போயிற்று. அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. கண் திறந்து நடக்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு எந்தத் தாய் கல்லைக் காக்கும்?

அக்கா வந்து பார்த்தார். ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"விடு தாயி. ஆண்டவருக்குச் சித்தமில்ல."

"இல்லக்கா. நாந்தான் நாலு முட்டையச் சேத்து வச்சு..."

கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவருக்குப் போன் போட்டேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வாத்துக்கு இருபத்தெட்டு நாளுங்க. இன்னும் ஏழு நாள் கெடக்கு. கொஞ்ச நேரம் ஆறினதுக்குச் சாகாது. வெரசா சூடு குடுங்க. அப்பப்ப வெதுவெதுன்னு தண்ணி தெளிங்க, வாத்து முட்டைக்கு ஈரம் வேணும்" என்றார்.

விரலை மடக்கி எண்ணினேன். கிருத்திகைக்கும் கிருத்திகைக்கும் நடுவே இருபத்தேழு நாள். அப்படியானால் அடுத்த கிருத்திகை, அது கழிந்து மறுநாள். அதுவரைக்கும் முருகா, சூடு நான் கொடுக்கிறேன், உயிரை நீ பார்த்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

சார்ப்பில் ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் ஒரு குண்டு பல்ப், ஒரு கிண்ணம் தண்ணீர். மூன்று நாள் அப்படி ஓடியது. முட்டையைப் புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் குஞ்சு ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். எது புரட்டியது எது புரட்டாதது என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டுமே? அக்கா கரித்துண்டை எடுத்து ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் சின்னதாகச் சிலுவை போட்டார். எங்கள் வீட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் காலியாக் கெடக்கே சாமி" என்றார்.

"காலியா இருந்தாத்தான சாமி அடையாளம்" என்றார் அக்கா. மாலை போட்ட நாட்களில் அவரும் என் வீட்டுக்காரரை சாமி என்றுதான் கூப்பிடுவார்.

என் வீட்டுக்காரர் கரியை வாங்கி, மறுபக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு வேல் வரைந்தார். சில வேல் நன்றாக வந்தது, சில கரண்டி மாதிரி இருந்தது.

"சரி, காலைல ஒங்க சாமி மேல, சாயங்காலம் எங்க சாமி மேல" என்றார் அக்கா. "கீழ இருக்கும்போது கோவிச்சுக்கமாட்டாங்களே?"

"எங்காளு கோவிச்சுக்கிட்டா மலை ஏறிருவாரு சாமி. அவரு பழக்கம் அது."

மரநாய் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காற்று. இங்கே தையில் சில நாள் அப்படி அடிக்கும். எங்கேயோ சில்வர் ஓக் மரம் கம்பி மேல் விழுந்து கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பனியோ புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற பனி. பல்ப் அணைந்து ஒரு மணி நேரத்தில் பெட்டி குளிர ஆரம்பித்தது. சூடு உள்ள இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், என் விறகடுப்பு.

அந்த அடுப்பில்தான் விரதச் சோறு பொங்குகிறேன். அடுப்படிச் சுவரில்தான் முருகன் படம். மாலை போட்ட அன்றைக்கே அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, விரதம் முடிகிற வரைக்கும் அதில் கவுச்சி படாது என்று நான்தான் கற்பூரம் காட்டினேன். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லை வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"வேணாம் தாயி, உள்ள கொண்டுபோகாத. சாமி ஒரு மாசத்துக்கு மேல பச்சத்தண்ணில குளிச்சு விரதமா இருக்காரு. அதக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம். ஒரு வாத்துக்காகவா? நான் திண்டுக்கல்லுக்கே போயிர்றேன்."

என் வீட்டுக்காரர் திருநீற்றுத் தட்டோடு உள்ளிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு, "உசுரு இருக்கா, இல்லையா? அதப் பாத்தீங்களா சாமி?" என்று என்னைக் கேட்டார்.

பார்க்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு அகலச் சட்டியில் எடுத்து வந்து வாசல்படியில் வைத்தேன். முற்றிய முட்டை தண்ணீரில் மிதக்கும். உள்ளே உயிர் இருந்தால் சும்மா மிதக்காது, ஆடும். ஒன்பதையும் மெல்ல விட்டேன். மூன்று பேரும் மூச்சு விடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அசைவு அடங்கியது. ஒன்றும் ஆடவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது ஓரமாகக் கிடந்த ஒரு முட்டை லேசாகத் தலையாட்டியது. வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. அடுத்து அதன் பக்கத்து முட்டை. அப்புறம் இன்னொன்று தண்ணீரில் வட்டம் போகிற அளவுக்கே குலுங்கியது. ஏழு ஆடின. இரண்டு கடைசி வரைக்கும் அசையவில்லை, அவை கூமுட்டை.

என் வீட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு அந்த ஏழையும் பார்த்தார்.

"முட்டை எங்கயாச்சும் ஆடுமா சாமி?" என்றார்.

"ஆடாது."

"அப்ப இது முட்டை இல்ல. குஞ்சு. ஓட்டப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கு. மாலை போட்ட வீட்டுக்குள்ள குஞ்சு வரக்கூடாதுன்னு எவனும் சொல்லல." அக்காவிடம் திரும்பி, "நீங்களும் உள்ள வாங்க சாமி, குளிருல நிக்காதீங்க" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவற்றை முட்டை என்று சொல்லவில்லை. வாய் தவறி நான் ஒருமுறை சொன்னதற்கு "எது?" என்று கேட்டுத் திருத்தினார்.

மண்சட்டியில் சலித்த மணல், அதன் மேல் பழைய பருத்திச் சேலை, அதற்குள் ஏழு, தண்ணீர் பட்டுக் கரி மங்கினாலும் அடையாளம் அழியவில்லை. அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்தேன். சூடு பார்க்கிற கருவி எங்களிடம் ஏது? முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்ப்பேன். இமைக்கு இதமாக இருந்தால் சரி, சுட்டால் சட்டியைத் தள்ளி வைக்க வேண்டும், சில்லென்றால் கிட்டே இழுக்க வேண்டும். அவருக்கும் அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நான் வேலைக்குப் போன நேரம் அவர்கள் இருவரும் முறை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஒரு நாள் நான் திரும்பி வரும்போது, நெற்றி நிறையத் திருநீறும் பச்சை வேட்டியுமாக அவர் அடுப்பு முன்னால் சம்மணமிட்டு, ஒரு வாத்துக் குஞ்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

புதன்கிழமை கிருத்திகை. அன்றைக்கு எங்கள் வீட்டில் பூஜை. நடைப்பயணக் குழுவில் பதினோரு பேர், அவர்களுக்கெல்லாம் பெரியவராகக் குருசாமி. இருபது வருஷத்துக்கு மேல் நடக்கிறவர், ஜீப் ஓட்டுகிறவர், முன்கோபி. அவர் வருவதற்குள் சட்டியை எங்கேயாவது மறைக்கலாமா என்று நான் பார்த்தேன். மறைக்கிற இடம் எல்லாம் குளிர்கிற இடம். அப்படியே விட்டேன். பூஜை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சட்டியைப் பார்த்துவிட்டார்.

"அது என்ன சாமி சேலை சுத்தி?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். நாலு முட்டையைச் சேர்த்து வைத்த என் தப்பு, அக்காவின் மகள் வரப்போவது, கரண்ட் போனது எல்லாம். குழுவில் ஒருவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். குருசாமி சேலையை விலக்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேலே இருந்தது சிலுவை.

"இது யாரு போட்டது?"

"கீழ்வீட்டு அக்கா."

ஒன்றைப் புரட்டினார். வேல் தெரிந்தது.

"இது?"

"நாந்தான் சாமி" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேலு மாதிரியா இருக்கு? அகப்பை மாதிரி இருக்கு" என்றார் குருசாமி. சேலையை மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "கதவ ஆகாசமாத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் சோறு திங்கிறீங்க. காத்து நேரா அது மேல அடிக்குது. சாத்துங்க சாமி" என்றார். கையை எடுத்தவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

அன்றைக்குக் குஞ்சு வரவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கிருத்திகை அன்றைக்கு, பூஜை மணி அடித்த நேரத்தில், ஒன்றும் நடக்கவில்லை. எனக்குள் ஒரு ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மணி அடிக்கும்போது ஓரக்கண்ணால் சட்டியைத்தான் பார்த்தேன். அது சும்மா இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணி போல, பூஜைப் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சின்னதாக ஒரு டிக் சத்தம். சேலையை விலக்கினால் ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். உள்ளிருந்து பேச்சுக்குரல் மாதிரி ஒன்று. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கையில் மாவோடு வந்தார். கோழிக் குஞ்சு மாதிரி வெரசா வெளியே வராது வாத்து. ஒரு ஓட்டை போட்டுவிட்டு அரை நாள் தூங்கும். உடைத்துவிடலாமா என்று என் கை பரபரத்தது. "தொடாத, அதுபாட்டுக்கு வரட்டும்" என்று அக்கா என் கையைத் தட்டினார். பொழுது சாய்வதற்குள் ஒன்று வந்தது, நனைந்த பஞ்சு மாதிரி, அலகு மட்டும் தட்டையாக. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஐந்து. மற்ற இரண்டும் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தோம், முழுசாக வளர்ந்து உள்ளேயே இறந்திருந்தன. பட்டர் ப்ரூட் மரத்தடியில் புதைத்தேன். அவை என் தப்பால் போனவை, இல்லையா என்று முருகனைக் கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. வருகிறபோது வரட்டும்.

குஞ்சுகள் முதலில் கண் விழித்துப் பார்த்தது அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த பச்சை வேட்டியைத்தான். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அதன் பின்னாலேயே நடந்தன. அவர் சுவாமி கும்பிட்டால் காலடியில் ஐந்தும் வரிசையாக நிற்கும். சனிக்கிழமை அவர் பழனிக்குக் கிளம்பியபோது ரோடு வரைக்கும் கத்திக்கொண்டே ஓடின. குழுவே நின்று சிரித்தது. "இவுகளுக்கும் மாலை போட்டுக் கூட்டிட்டுப் போலாமா?" என்றார் குருசாமி. என் வீட்டுக்காரர் போன பிறகு ஐந்தும் எதற்கும் அடங்கவில்லை. அக்கா தவிடு வைத்தார், தண்ணீர் வைத்தார், பழைய குரலில் கூப்பிட்டார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் வந்து, "சாமிக்கு இன்னொரு பச்சை வேட்டி இருக்குமே, குடு" என்றார். அதைத் தோளோடு போர்த்திக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். ஐந்தும் ஓடிப்போய் அவர் காலைச் சுற்றிக்கொண்டன.

திங்கட்கிழமை தைப்பூசம். மகள் காரில் வந்தாள். அம்மா முருக பக்தர் வேட்டியைப் போர்த்திக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது கோலம்?"

"பச்சப்புள்ளைக அஞ்சு இருக்குடி" என்றார் அக்கா. "பொறந்து மூணு நாளு. எப்பிடி விட்டுட்டு வர?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டினாள். அரை மணி நேரம் நன்றாகத் திட்டினாள், என்னையும் சேர்த்துத்தான். பிறகு ஒரு குஞ்சைக் கையில் எடுத்தாள். சாயங்காலம் தனியாகத்தான் காரில் திரும்பிப் போனாள். போகும்போது, "குளிருக்குக் கம்பளி அனுப்புறேன், அந்த வேட்டியக் குடுத்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பதினைந்தாம் நாள் ஒரு குஞ்சைக் காக்கை தூக்கிவிட்டது. நாலு நின்றது. ரெண்டு மாதம் போனதும் சத்தத்தை வைத்து அடையாளம் கண்டோம். பெட்டை வாத்து ஊரைக் கூட்டும், ஆணுக்குத் தொண்டை கட்டினாற்போல்தான் வரும். மூன்று பெட்டை, ஒரு ஆண். இன்றைக்கு அந்தத் தொட்டியில் நீந்துகிறவை அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வாத்து முட்டையைத் தனியாகத்தான் அடை வைக்கிறேன், இருபத்தெட்டு நாள்.

இப்போது எதற்காக எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் பொரிந்த ஓடுகளை யாரோ போனில் படம் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வரைந்ததில் நன்றாக வந்த வேல் ஒன்று அதில் தெரிகிறது. அந்தப் படம் குரூப் குரூப்பாகப் போனது, தைப்பூசம் நெருங்கினால் இன்னமும் வருகிறது. 'கிருத்திகை அன்று முட்டையில் தானாகத் தோன்றிய வேல், பூஜை மணி ஒலித்ததும் ஒன்பது குஞ்சும் பொரிந்த அதிசயம்' என்று எழுதியிருக்கிறார்கள். போன மாதம் எனக்கே வந்தது. அதில் கீழ்வீட்டு அக்கா இல்லை. வாத்து எங்களுடையது என்று இருக்கிறது. அக்காவிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல தாயி, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

முருகன் எனக்குக் கொடுத்தது ஐந்து. ஐந்தை ஒன்பது என்று சொன்னால் அவன் கொடுத்தது போதவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அவன் மறுநாள் கொடுத்ததை முந்தின நாளுக்கு மாற்ற நாம் யார்? வேல் தானாகத் தோன்றவில்லை, ஒரு கூலிக்காரர் கரியால் வரைந்தது. அதன் மறுபக்கம் சிலுவை இருந்தது. வாத்து அந்த அக்காவுடையது, அவர் இந்த மலையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாம் நடந்தது, இருக்கிறார். இன்று காலையில்கூட அவர் வாத்துகளைக் கூப்பிட்ட சத்தம் கேட்டது.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள், போனிலும் அனுப்புங்கள். இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அனுப்புவதானால் எழுதியபடியே அனுப்புங்கள். இறந்த இரண்டை உயிரோடு எழுப்பிவிடாதீர்கள். என் தப்பை எடுத்துவிடாதீர்கள். அக்காவை மட்டும் எடுத்துவிடவே கூடாது.